போலந்து அம்மணி எடுக்காத தட்டு

அன்றைக்கு விருந்துக்குப் போனவர்கள் அப்பா, அம்மா, நான். அழைத்தவர் எங்கள் ஆலையில் வேலை பார்த்த போலந்து நாட்டுப் பெண்மணி. வராதது என் தங்கை மட்டும். கல்லூரி விடுதியிலிருந்து கிளம்ப முடியவில்லை என்று மத்தியானம் போன் செய்துவிட்டாள். அவள் ஒருத்தி வந்திருந்தால் போனில் தட்டிப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம், நாமக்கல்லில் ஒரு மாடி வீட்டில் இது நடந்தது.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன். இயந்திரவியல் முடித்துவிட்டு, முட்டையைப் பொடியாக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தேன். அங்குள்ள இயந்திரம் போலந்திலிருந்து வந்தது. அதை நிறுவி, எங்களுக்கு ஓட்டப் பழக்க வந்தவர்தான் இந்தப் பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை என்பதால் ஆலை முழுக்க அவர் ‘போலந்து அம்மணி’. அவரும் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டார். ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘சாப்புடுங்க’ மூன்றும் அத்துப்படி. கேட்டருகே படுத்திருக்கும் நாயிடம்கூட ‘நகருங்க’ என்றுதான் சொல்வார்.

போலந்தில் அவருடைய நிறுவனத்தின் தலைமை ஆலையில் ஆறு மாதப் பயிற்சிக்கு என் பெயரை அவரே எழுதி அனுப்பியிருந்தார். வருடம் முடிவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்காக மதிய இடைவேளைகளில் எனக்குப் பாடம் நடந்தது. பாதி மொழி, பாதி சமையல். தனியாக இருக்கப் போகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பார். பெரியவர்களிடமும் தெரியாதவர்களிடமும் வெறுமனே ‘நீ’ என்று பேசிவிடாதே, ஆணுக்குப் ‘பான்’, பெண்ணுக்குப் ‘பானி’ போட்டுப் பேசு என்றார். எங்கள் ஊர் ‘ங்க’தான் என்று மனதில் குறித்துக்கொண்டேன். வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று கை குலுக்கக் கூடாது என்றார். அதை எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. பியெரோகி என்று ஒரு பண்டம். மைதா மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கும் திரித்த பாலும் உள்ளே வைத்து, சோமாசி மாதிரி மடித்து ஓரத்தை அழுத்திக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் வெந்துவிட்டது. என் முதல் முயற்சியில் மாவு தனியாகவும் கிழங்கு தனியாகவும் மிதந்தன.

எல்லாம் சரி, அப்பா சம்மதிக்கவில்லை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் பல வருடம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றியவர். “அசலூரு சோத்தப் பத்தி என்ற கிட்டப் பேசாத சாமி. ரொட்டியத் தின்னு தின்னு நாக்குச் செத்துப் போயித்தான் நான் ஊடு வந்து சேந்தேன்” என்பார். அவர் வேண்டாமென்றால் நான் போக மாட்டேன். எங்கள் வீட்டில் அது சண்டை போட்டு வாங்குகிற விஷயமில்லை. இதைச் சொன்னபோது போலந்து அம்மணி யோசிக்கவே இல்லை. வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா, அங்கே நீ என்ன சாப்பிடுவாய் என்று உன் அப்பா பார்க்கட்டும் என்றார்.

அப்பா வெறுங்கையோடு போகிறவரில்லை. ஒரு நாட்டுக்கோழியைக் காலைக் கட்டிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் என்றால் கேக்கும் பிரியாணியும் என்பது அவர் கணக்கு.

போனவுடன் கணக்குத் தப்பியது. இன்றைக்குக் கறி சமைக்கக் கூடாது என்றார் அம்மணி. மீன் மட்டும் உண்டு. காவிரிக் கெண்டை வாங்கி வறுத்திருந்தார். “மீனு கறியில சேராதா?” என்று அப்பா என்னிடம் மெல்லக் கேட்டார். காலையிலிருந்து அம்மணி ஒன்றும் சாப்பிடவில்லையாம். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடாம். மேசையில் வெள்ளைத் துணி. மெழுகுவர்த்தி. துணி ஓரிடத்தில் புடைத்திருக்கிறதே என்று அம்மா தூக்கிப் பார்த்தார். அடியில் புல்.

மேசையில் ஆறு தட்டு இருந்தது. “சின்னவ வரலீங்க” என்று அம்மா சொன்னதும் அம்மணி ஒரு தட்டை எடுத்தார். மிச்சம் ஐந்து. நாங்கள் நான்கு பேர். அம்மா உதவியாக ஐந்தாவதை எடுக்கப் போனார். அம்மணி பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எடுக்காதீங்க! எடுக்காதீங்க!” அந்தத் தட்டை அவரே நேராக வைத்து, துடைத்து, பக்கத்தில் கரண்டியும் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“ஏனுங்க, இது தெவசமுங்க” என்றார் அம்மா.

“கிறிஸ்தவங்க தெவசம் குடுப்பாங்களாக்கும்?”

“எந்தச் சாமியக் கும்புட்டா என்னுங்க, செத்தவங்களுக்குச் சோறு வெக்காம இருப்பாங்களா? நாள் முச்சூடும் விரதம். கறி ஆகாது. துணிக்கடியில தர்ப்ப. ஆளில்லாத தட்டு. வேற என்னங்கறீங்க?”

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதப் பழக்கத்தில் அவர் கணவரைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கட்டைப்பைக்குள் கோழி கொக்கரித்தது. “தெவச ஊட்டுக்கு உசுரோட கோழி கொண்டாந்தேன் பாரு” என்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தார்.

வந்தவர் என்னை இடித்தார். “நிக்கறயே மரமாட்ட! அவிய பாசையில ஆறுதலா ரெண்டு வார்த்த சொல்லு.”

நான் படித்த பாடத்தில் சமையல் இருந்தது, வணக்கம் நன்றி இருந்தது, இயந்திரம் இருந்தது. துக்கம் வரவில்லை. கேட்டே பார்த்திருக்கலாம். ஆனால் தெவச வீட்டில் நின்றுகொண்டு யாருங்க செத்தது என்று எப்படிக் கேட்பது? தெரிந்த வாக்கியங்களில் எது துயரமானது என்று தேடினேன். அம்மணி சூப்புச் சட்டியோடு வெளியே வந்தார். நான் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “மஷினா நியே ஜாவா.”

இயந்திரம் ஓடவில்லை என்று அர்த்தம்.

அம்மணி சட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்து ஆலைக்குப் பேசினார். ஷிப்டில் இருந்தவர், நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். அம்மணி என்னைப் பார்த்த பார்வையில், பயிற்சிக்கு வேறு ஆளைப் போடலாமா என்கிற யோசனை தெரிந்தது.

அதற்குள் அப்பாவைக் காணோம். ஒரு பியெரோகியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தார். இருட்டத் தொடங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரில் அதை வைத்துவிட்டு, “கா... கா...” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்காய் எல்லாம் அடைந்துவிட்ட நேரம்.

காக்காய் வரவில்லை. கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் வந்தார். முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்து, பிறகு அதை விட்டுவிட்டவர். அம்மணி பீட்ரூட்டை ஜாடியில் போட்டுப் புளிக்க வைத்த நாளிலிருந்து, மேலே சாராயம் ஊறுகிறது என்று சந்தேகம் அவருக்கு.

“ஏனுங்க, ராத்திரில யாருங்க காக்காயக் கூப்புடறது? படிக்கட்டுல கோழி வேற கெடக்குது. மேல என்னுங்க நடக்குது?”

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மணி வெளியே வந்தார். வீட்டுக்காரரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லி மாளாது. வானத்தைக் காட்டினார். கிழக்கே ஒரு நட்சத்திரம் வந்திருந்தது. “வாங்க! உக்காருங்க! சாப்புடுங்க!” என்று சண்டைக்கு வந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், அந்த ஐந்தாவது தட்டின் முன்னால் உட்கார வைத்தார்.

“ஐயோ சாமி, எந்திரிங்க! அது செத்தவங்க தட்டுங்க!” என்று அம்மா அலறினார்.

வீட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அப்பா பிடித்திருக்காவிட்டால் தலை சுவரில் மோதியிருக்கும்.

அதன் பிறகுதான் என் வாய் திறந்தது. புல், விரதம், காலித் தட்டு, காக்காய் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டினேன். அம்மணி கேட்டுக்கொண்டே வந்தவர், “யார் செத்தது” என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். ஒருவரும் சாகவில்லை. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. புல், குழந்தை ஏசு தொழுவத்தில் பிறந்ததற்காக. தட்டு, வழிப்போக்கனுக்காக. அவர்கள் நாட்டில் இந்த இரவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு அதிகமாக வைப்பார்களாம். யார் கதவைத் தட்டினாலும் அவருக்கு அது. அவர் ஊரில் இத்தனை வருடமாக வைக்கிறார்கள், ஒருவரும் வந்ததில்லை. இங்கேதான் முதல் ஆள் வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரரைக் காட்டினார்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். வீட்டுக்காரர், “அப்ப ஒறம்பரைக்கு, வர்ற விருந்தாளிக்கு வெச்ச தட்டுங்களா! மொதல்லயே சொல்றதில்லீங்களா?” என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பீட்ரூட் சூப்பை மோந்து பார்த்து, சந்தேகம் தீர்ந்தும் தீராமலும் குடித்தார்.

அப்பா அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒரு தீவாளிக்கு வண்டி பிரேக்டவுனாகி ஒரு ஊர்ல நின்னு போச்சுங்க. தெருவெல்லாம் வெளக்கு. ஊடு ஊடாப் பலகார வாசம். நாங்க பெட்ரோல் பங்குல உக்காந்து பிஸ்கோத்துத் தின்னுட்டுப் படுத்துக்கிட்டம்.” எங்களிடம் இதை அவர் சொன்னதே இல்லை. அம்மாவுக்கே புதிது என்பது அம்மா முகத்தில் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். “கேளு. நீ அங்க போயி ஒரு ஊட்டுக் கதவத் தட்டுனா, உக்காரச் சொல்லுவாங்களான்னு கேளு.”

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அம்மணி அதற்குள் அப்பாவின் தட்டில் பியெரோகிகளை அடுக்கிவிட்டு, “சாப்புடுங்க” என்றார்.

அப்பா சாப்பிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியபடி வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். “உப்பு கம்மி. காரம் சுத்தமா இல்ல. ஆனா செத்துப் போக மாட்ட. போயிட்டு வா சாமி.”

நான் போனேன், படித்தேன், திரும்பியும் வந்துவிட்டேன். ஆனால் நான் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த வாரத்தில் அப்பா யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் போய்த் தனக்கும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வந்தார். எதற்கென்று கேட்டதற்கு, “வெச்சிருந்தா என்ன, சோறா கேக்குது?” என்றார். அது இன்னும் ஒரு முத்திரைகூடப் படாமல் பீரோவில் இருக்கிறது. வெளியூர் என்றாலே அவருக்குப் பயம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். போன ஊரிலெல்லாம் யாராவது உட்காரச் சொல்வார்களா என்றுதான் அவர் பார்த்திருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, அந்தப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டிய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.