நசீமாவுக்குச் சிவப்பு வெளுத்த வாரம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு துணிக்கடையில் பதினாறு வருஷமாக ரவிக்கைத் துணி விற்கிறார் நசீமா. சேலையை ஒருமுறை பார்த்தால் போதும், அதற்குப் பொருந்தும் துணியை உருவி எடுத்துவிடுவார். இத்தனைக்கும் அவருக்கு வலக்கண் பார்வை மட்டும்தான். இடக்கண் சின்ன வயதிலிருந்தே மங்கல்.

போன வருஷம் ஒரு காலை, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் வாடிக்கையாளர் லெட்சுமி, முதல் நாள் வாங்கிய துணியோடு திரும்பி வந்தார். அரக்குச் சேலைக்கு நசீமா கொடுத்திருந்தது பழுப்பு.

"சரியாத்தானேக்கா இருக்கு?"

லெட்சுமி சண்டை பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற தாதி அவர். "கண்ணை அசைச்சா வலிக்குதா?" என்று கேட்டார்.

"நாலு நாளா வலி. சிவப்பெல்லாம் வெளுத்த மாதிரி தெரியுது. கடை லைட்டுன்னு நினைச்சேன்."

"லைட் இல்லலா. பையை எடு, ஹாஸ்பிட்டல் போறோம்."

தன் காரிலேயே அழைத்துப் போனார். நசீமாவின் கணவர் ஷாஹுல் வந்து சேரும்வரை கூடவே இருந்தார்.

மறுநாள் ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். "மூளையில இருக்கிற ரத்தக் குழாய்ச் சுவர் ரொம்ப இறுக்கம். கண்டதையும் உள்ள விடாது. கிருமியோட சண்டை போடவேண்டிய உங்க ரத்த அணுக்கள் அந்தச் சுவர்ல ஒட்டி, அதைத் தளர்த்தி, உள்ள நுழைஞ்சிருக்கு. கண் நரம்போட உறையைத் தாக்குது."

"என் உடம்பே எனக்கு எதிரியா டாக்டர்?"

"எதிரி இல்லம்மா. ஆள் தெரியாம அடிக்குது."

மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கண் நரம்பின் வீக்கம் வடிந்தது. மூன்றாவது வாரம், வீட்டு வாசலில் செம்பருத்தி சிவப்பாகவே தெரிந்தபோது நசீமா அழுதுவிட்டார். உடனே லெட்சுமிக்குப் போன் போட்டார்.

"அக்கா, நீங்க செஞ்ச உதவிக்கு நான் என்ன செய்யப்போறேன்?"

"முதல்ல அழறதை நிறுத்து. மருந்தை விட்டுடாதே."

விடவில்லை. அந்த அணுக்களைச் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கும் மருந்தை மாதம் ஒருமுறை ஏற்றிக்கொள்கிறார். இந்த நோய் முற்றாகக் குணமாகாது, மற்ற நரம்புகளையும் தொடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெயில் நாளில் வலது கால் மரத்துப்போகிறது. முதலாளி காற்றாடிக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். பதினான்கு மாதமாக அடுத்த தாக்குதல் வரவில்லை.

விடியற்காலையில் சுபுஹ் தொழுதுவிட்டுத் துஆ கேட்கும்போது, பிள்ளைகளின் பெயருக்கு அடுத்து லெட்சுமியின் பெயரைச் சொல்கிறார் நசீமா.