ஹெல்மெட் தொங்கிய பகலில் ஓர் இறுதி ஆட்டம்

மேடையேறினால் எனக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்பார்கள். அதை மறுக்கும் அடக்கம் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. கல்லூரிப் பட்டிமன்றங்களில் கடைசி வரிசையைத் தட்டி எழுப்பிய அந்தக் குரலை, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதும் தொண்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு வாசலில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் ஹெல்மெட்.

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் வீடுகள் இரண்டிரண்டாக ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துவந்தவர் வாசல் ஆணியில் ஹெல்மெட்டை மாட்டினால், உள்ளே ஒருவர் தூங்குகிறார் என்று பொருள். அதைப் பார்த்தால் ஐஸ் வண்டிக்காரர் மணியடிப்பதை நிறுத்துவார். சண்டையிடும் பெண்கள்கூடச் சண்டையைத் தெருமுனைக்கு எடுத்துச் செல்வார்கள். இரவில் ராட்சத இயந்திரத்தில் உட்காரப் போகிறவரின் தூக்கத்தைக் கெடுப்பதற்கு எங்கள் தெருவில் மன்னிப்பே கிடையாது.

அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்திருந்தது. சென்னையிலிருந்து வரும் அலையைப் பிடிக்க, மொட்டை மாடியில் நீண்ட இரும்புக் குழாயை நிறுத்தி அதன் உச்சியில் ஆன்டெனாவைப் பூட்டினோம். காற்றுக்குச் சாயாமலிருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். மூன்றாவது கம்பிக்கு எங்கள் தோட்டத்தில் இடமில்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் தோட்டத்து இரும்புத் தூண்தான் வாய்ப்பாக நின்றது. அவர் குறிஞ்சிப்பாடிக்காரர், சுரங்கத்தில் பெர்மனன்ட். நான் தக்க காரணங்களோடு ஒரு சிற்றுரையே நிகழ்த்தி அனுமதி கேட்டேன்.

"கட்டிக்க தம்பி. ஆனா நான் நைட் ஷிப்ட் போற வாரத்துல உங்க வூட்டுலேர்ந்து ஒரு சத்தம் வந்துதுன்னு வெச்சிக்க, அன்னிக்கே கம்பிய அவுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட பேச்சுப் போட்டி வைக்கக் கூடாது."

"என் வாக்கு" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

கிரிக்கெட் இறுதி ஆட்டம் அவருடைய நைட் ஷிப்ட் வாரத்தில் வந்து விழுந்தது. நண்பர்களுக்கு நான் முன்பே அழைப்பு விடுத்திருந்தேன். திரும்பப் பெறுவது இழுக்கு. காலையிலேயே கூடம் நிரம்பியது. பெட்டியைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி மேசைமேல் வைத்தோம், வெளிச்சம் படாமலிருக்க ஜன்னல் ஒன்றைப் போர்வையால் மூடினோம், பாய்களை அடுக்கி மூன்று வரிசை அமைத்தோம். ஒலியை அறவே குறைத்துவிட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று ஒரே சட்டம் போட்டாள்: "எவனாவது கத்துனீங்க, டீ கிடையாது. இருமுறதுன்னாலும் தெருவுல போய் இருமுங்க."

பிற்பகலில் காற்று கிளம்பியது. படத்தில் வெண்புள்ளிகள் கொட்டின. ஆட்டக்காரர்கள் இரட்டையாகி, பிறகு கரைந்தே போனார்கள். வழக்கமான நாளாக இருந்தால் ஒருவன் மாடியேறிக் குழாயைத் திருப்புவான், கீழிருந்து "தெரியல, இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று தெருவே கேட்கக் கூவுவார்கள். அன்று கூவ வழியில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. மேடையில் கைகளை வீணாகவா பழக்கியிருந்தேன்? குறிப்புமொழி ஒன்றை வகுத்தேன். வலக்கை உயர்ந்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும்; இடக்கை என்றால் இடப்பக்கம்; கைகூப்பினால் படம் தெளிவு, அசைக்கக் கூடாது; இரு கைகளும் உயர்ந்தால் படம் முற்றிலும் போய்விட்டது, பெரிதாகத் திருப்பு. நண்பர்களில் பஜார் துணிக்கடைக்காரரின் மகனைத் தோட்டத்தில், திறந்திருந்த ஜன்னலருகே நிறுத்தினேன். அங்கிருந்து அவன் பெட்டியையும் பார்க்கலாம், மாடியில் என்னையும் பார்க்கலாம்.

"பேச்சாளருக்கு ஊமை நாடகமா? நல்லா வேணும்டா உனக்கு" என்று காதருகே கிசுகிசுத்தான்.

"வாயை மூடிட்டுக் கையை மட்டும் தூக்குடா."

மாடியேறினேன். குழாய் சூடாகக் கொதித்தது. துண்டைச் சுற்றிப் பிடித்தேன். வலக்கை. இன்னும் வலக்கை. இடக்கை சற்றே. கைகூப்பினான். ஆனால் பிடியை விட்டால் காற்று மறுபடி திருப்பிவிடும் என்பது புரிந்தது. ஆட்டத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டுமானால் நான் அதைப் பார்க்க இயலாது. நண்பனின் முகம் ஒன்றே எனக்கு ஆட்டமாயிற்று. அவன் உதட்டைக் கடித்தால் விக்கெட் போயிற்று. அவன் கண் விரிந்தால் பந்து எல்லைக்கு ஓடிற்று. ஒரு கட்டத்தில் ஒற்றை விரலைக் காட்டினான்: கடைசி ஓவர். என் உள்ளங்கை எரிந்தது, கால் மரத்தது. அடுத்த வீட்டு வாசலில் ஹெல்மெட் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவன் இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினான்.

படம் போய்விட்டது என்று எண்ணினேன். முழு பலத்தோடு குழாயைத் திருப்பினேன். அவன் முகம் வெளுத்தது. இரு கைகளையும் விரித்து ஆட்டினான். மேலும் திருப்பினேன். தலையில் அடித்துக்கொண்டான். மகிழ்ச்சியில் கை உயர்த்தியவனை நான் குறிப்பு காட்டுபவனாகப் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் வகுத்த மொழியில் கொண்டாட்டத்துக்கு இடமே வைக்கவில்லை. கீழே கூடத்தில் நண்பர்கள் வெறும் வெண்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்தது வெற்றி ஓட்டமா, இன்னும் பந்து மிச்சமா?

மாடி விளிம்புக்கு வந்தேன். "என்னடா ஆச்சு?" என்ற இரண்டு சொற்கள் நாக்கின் நுனியில் நின்றன. ஹெல்மெட்டைப் பார்த்தேன். வாக்கை நினைத்தேன். வாயை மூடினேன். அத்தனை ஆண்டுப் பேச்சுப் பயிற்சியில் அதைவிடக் கடினமான ஒன்றை நான் செய்ததில்லை.

அந்த நொடியில் அடுத்த பிளாக்கிலிருந்து சரவெடி வெடித்தது. ஒன்றல்ல, தொடர்ந்து.

அண்ணன் வீட்டுக் கதவு திறந்தது. கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வெளியே வந்து, நேராகத் தோட்டத்துக்கு நடந்து, தூணில் கட்டியிருந்த கம்பியில் கை வைத்தார்.

"அண்ணே, வெடி போட்டது நாங்க இல்லீங்க" என்றேன். மாடியிலிருந்து கீழே எட்டும் அளவுக்கு மட்டுமே குரல்விட்டேன்.

"தெரியுது. நம்ம ஆளுங்க ஜெயிச்சிட்டாங்களா?"

"தெரியலீங்க."

"டீவிய வெச்சிகினு தெரியலன்றியா?"

"படத்த நானே திருப்பிட்டேங்க."

ஜன்னல் வழியே எங்கள் கூடத்தை எட்டிப் பார்த்தார். மூன்று வரிசையும் ஆளுக்கொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தது. ஒருவன் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இத்தினி பேரா உள்ள இருந்தீங்க?" என்றார். பிறகு அடுத்த பிளாக் பக்கம் திரும்பி, "எவன்டா அங்க? ராத்திரி எனக்குப் பதிலா நீ போறியாடா மெஷினுக்கு?" என்று ஒரு முழக்கம் முழங்கினார். என் குரலுக்குச் சற்றும் குறைந்ததல்ல அது. கம்பியிலிருந்து கையை எடுத்தார். வாசலுக்குப் போய், ஆணியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே எறிந்தார்.

"இனிமே எங்க தூக்கம்? திருப்பு தம்பி, நான் பாத்துச் சொல்றேன்."

ஆணி வெறுமையானதும் கூடம் வெடித்தது. அடக்கி வைத்த பகல் முழுவதும் ஒரே கூச்சலாகக் கிளம்பியது. நான் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பியபடி, தெருமுனைவரை எட்டும் குரலில் கேட்டேன்:

"தெரியுதா?"

"கோப்பை தெரியுது!" என்றார் எங்கள் ஜன்னலருகே வந்து நின்ற அண்ணன். "நம்மாளு கையிலதான்!"