முதலில் அமுக்கும் பொத்தான்

என் மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் ‘டெஸ்டர்’ என்று பெயர். கோட்டுப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவள் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரைச் செருகியிருப்பாள். ஆஸ்பத்திரிகளில் கெட்டுப்போகும் மெஷின்களைச் சரிசெய்யும் பட்டறை அது. பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தவள், சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக்குகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் இப்போது தலைமை மெக்கானிக். ஆனால் எங்கள் வீட்டு மின்விசிறி ஏழு வருஷமாகக் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. கேட்டால், சுற்றுகிறதல்லவா, பிறகென்ன என்பாள்.

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். பயம் எனக்குப் பிறவிக் குணம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்னவோ. அவளோ இடி விழுந்தால்கூட எங்கே விழுந்தது என்று நிதானமாக விசாரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

போன வருஷம் ஒரு தொண்டு அமைப்பு, ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் மெஷின்களைச் சரிசெய்துகொடுக்க ஆள் தேடியது. மூன்று வாரம், சொந்த லீவு, சம்பளம் கிடையாது. நான் காய்ச்சல், கலவரம், விமான விபத்து என்று வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். அவள் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டாள்.

அங்கே ஒரு கிடங்கில் பதினோரு ஆக்சிஜன் மெஷின்கள் தூசி மண்டிக் கிடந்தன. பணக்கார நாடுகள் தானமாக அனுப்பியவை. பழுது பார்க்கத்தான் ஆளில்லை. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்குக் கொடுக்கிற மெஷின் அது. அவள் அவற்றில் ஆறு மெஷின்களுக்கு உயிர் கொடுத்து, பச்சைக் குழந்தைகளின் வார்டில் வைத்தாள்.

வார்டு சிஸ்டர் அவளோடு நிழலாக ஒட்டிக்கொண்டாராம். ஆனால் பேச்சுக்குத்தான் வழியில்லை. எங்கள் பாஷை தெரிந்தவர் அங்கே ஒருவர்தான், ஆஸ்பத்திரி கிளார்க். முன்பு சில வருஷம் எங்கள் நாட்டுத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவரும் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் மீதிப் பாடமெல்லாம் கையால்தான். இவள் செய்து காட்டுவாள், சிஸ்டர் அப்படியே செய்வார். தான் கற்ற விதமும் அதுதானே என்று இவளுக்கு ரொம்பத் திருப்தி.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவள் போனில் சிஸ்டர் அனுப்பிய வீடியோவைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. மறுபடி போட்டாள். அப்புறம் என் பக்கம் நீட்டி, “என்னங்க, இவங்க விரலை மட்டும் பாருங்க” என்றாள்.

எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சிஸ்டர் மெஷினைப் போடுகிறார், ஒரு பொத்தானை அமுக்குகிறார், குழாயைக் குழந்தையின் மூக்கில் பொருத்துகிறார். சுவரில் அவரே வரைந்து ஒட்டிய படம். முதல் கட்டத்தில் ஒரு விரலும் அதே பொத்தானும். மற்ற நர்சுகளும் அதைப் பார்த்தே செய்கிறார்கள் போலிருக்கிறது. நன்றாகத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்றேன்.

அவள் சொன்னது இதுதான். மெஷினைப் போட்டதும் ஆக்சிஜன் சேர மூன்று நாலு நிமிஷம் ஆகும். அதுவரை எச்சரிக்கை மணி அலறும். பட்டறையில் பத்துப் பதினைந்து மெஷின் ஒன்றாக ஓடினால் காது கிழிந்துவிடும் என்பதால், போட்ட உடனே மணியை நிறுத்துகிற பொத்தானை அமுக்கிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். அது பழைய மாடல். ஒரு தடவை அமுக்கினால் மெஷினை அணைக்கும் வரை மணி வாயே திறக்காது. பிறகு தூசி அடைத்து ஆக்சிஜன் குறைந்தாலும் சத்தம் போடாது. பட்டறையில் அதனால் கெடுதல் இல்லை, அங்கே அந்த மெஷினை நம்பி யாரும் படுத்திருப்பதில்லை. வார்டில் தூங்குகிற குழந்தைகள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று, இவள் ஒவ்வொரு தடவையும் முதலில் அதைத்தான் அமுக்கியிருக்கிறாள். சிஸ்டர் அதை முதல் பாடமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

“அஞ்சு நிமிஷ வீடியோ, கடைசியிலயும் விளக்கு மஞ்சளாத்தான் எரியுது. பச்சையா இருக்கணும்” என்றாள். “அந்தப் புள்ளைக்கு வெறும் காத்துதான் போகுது.”

நான் போனில் நேரத்தைப் பார்த்தேன். வீடியோ வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

சிஸ்டரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வீடியோ எடுக்க மட்டும்தான் வார்டுக்குள் போனைக் கொண்டுபோவாராம், மற்ற நேரம் வெளியே வைத்துவிடுவாராம். தொண்டு அமைப்பின் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. கிளார்க்கின் போன் அணைந்திருந்தது, அவர் வேலைக்கு வர அங்கே இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி எண்ணில் ஒரு வாட்ச்மேன் எடுத்தார். இவள் தெரிந்த நாலு வார்த்தையைக் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்ல, அவர் நல்லா இருக்கீங்களா என்பது போல் எதையோ விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவள் பயந்தால் வீட்டில் பயப்படாமல் இருக்க ஆளே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்தபடி இருந்தாளே ஒழியக் குடிக்கவில்லை.

ஒரு வழியாக, வேலைக்கு வந்து சேர்ந்த கிளார்க் எடுத்தார். இவள் ஸ்பீக்கரில் போட்டு மூச்சு விடாமல் சொல்ல, அவர் வார்டுக்கு ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிற மெஷினுக்குக் குழாயை மாற்றச் சொன்னாள். பழைய மெஷினின் பின்பக்கத்தில் தூசியைத் தடுக்கிற பஞ்சை உருவிப் பார்க்கச் சொன்னாள். தூசி அப்பிக் கறுப்பாக இருக்கிறதாம். நிமிஷங்கள் நகரவே இல்லை. கடைசியில் அவர், “உதட்டுல நிறம் வந்துருச்சுக்கா. அழுவுது” என்றார். அவர் குரலுக்குப் பின்னால் எனக்கும் கேட்டது, பூனைக்குட்டி போல ஒரு அழுகை. 

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொத்தானை இனி யாரும் தொடக் கூடாது, சுவரில் இருக்கிற படத்தைக் கிழித்துப் போடுங்கள், ஏன் என்றால் இப்படி இப்படி என்று விளக்கினாள். அவர் சிஸ்டரிடம் சொல்வது கேட்டது. பிறகு சிஸ்டர் அவரிடம் ஏதோ சொல்வது கேட்டது.

“அக்கா,” என்றார் கிளார்க். குரல் இறங்கியிருந்தது. “போன மாசம் இதே மெஷின்ல இன்னொரு குழந்தை இருந்துச்சாம். காலையில பாக்கும்போது உயிர் இல்லையாம். பிறக்கும்போதே பலவீனம்னு டாக்டர் சொன்னாராம்.”

“விளக்கு என்ன நிறத்துல இருந்துச்சுன்னு கேளுங்கண்ணே.”

கேட்டார். “கவனிக்கலையாம். சத்தம் வரலையே, நல்லாத்தான் ஓடுதுன்னு இருந்துட்டாங்களாம். சிஸ்டர் அழறாங்கக்கா. நான்தானே அமுக்கினேன், நான்தானே அமுக்கினேன்னு சொல்றாங்க.”

நான் கோழை, ஒத்துக்கொள்கிறேன். வேண்டாம், வைத்துவிடு என்று கையைக் காட்டினேன். டாக்டரே பலவீனம் என்று சொல்லிவிட்டார், யாரும் உன்னைக் கேட்கவில்லை, நீயாக எதற்கு வாயைக் கொடுக்கிறாய் என்று காதருகில் கிசுகிசுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“இல்லைன்னு சொல்லுங்க. அவங்க அமுக்கல, நான்தான் அமுக்கினேன். என் கையைப் பாத்துத்தான் அவங்க செஞ்சாங்க. ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. அந்தப் புள்ளையைப் பெத்தவங்க வந்தா, அவங்ககிட்டயும்.”

அவர் தயங்கினார். பிறகு எனக்குப் புரியாத அந்தப் பாஷையில் சொல்ல ஆரம்பித்தார். அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.