பெண்களை ஏறெடுத்துப் பார்க்காத நல்ல பிள்ளைகள்

இந்த ஊரில் பகலில் கதவைச் சாத்திக்கொண்டால் அது குற்றம். ராத்திரியில் சாத்தலாம், அது திருடனுக்காக. குளிக்கும்போது சாத்தலாம், அதையும் சீக்கிரம் முடித்துக்கொண்டு திறந்துவிட வேண்டும். மற்றபடி கதவு என்று ஒன்று வைத்திருப்பது, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து இன்றைக்குக் குழம்பில் என்ன காய் என்று விசாரிப்பதற்காக. இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. என் சட்டிக்குள் எட்டிப் பார்க்கிற பவுனம்மாளிடம், "வா, கரண்டியையும் நீயே பிடிச்சுக்க" என்று ஒருநாள் சொன்னேன். அவள் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா அறைக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒருவன் இருமினால் பத்து வீட்டுக்குத் தூக்கம் போகும். ஆனாலும் கேட்டதைக் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அது நம் மரியாதை. இங்கே சுவர் கூரையைத் தொடுகிறது. கேட்காததையெல்லாம் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இந்தியாக்காரர்கள் என்று சொல்லி நம்மில் பலரைக் கப்பலேற்றி மண்டபம் முகாமில் இறக்கிவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். என் புருஷன் முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். ஒரகடம் பக்கம் கம்பெனி கட்ட வந்த கூட்டத்துக்குச் சோறாக்க வந்தவள், கட்டடம் முடிந்து கூட்டம் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டோரம் தேங்காய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும் போட்டு விற்கிறேன். குடியிருப்பது ஒரு லைன் வீட்டில். கடல் தாண்டி வந்தும் லயத்தை விட்டு நான் இறங்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு அடுத்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மோசஸ் மணிமங்கலத்துப் பையன், கம்பெனியில் ஃபிட்டர். செல்லத்துரை திருநெல்வேலிப் பக்கம். அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் முப்பதை ஒட்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை. ஷிப்ட் முடிந்து ஒரே சைக்கிளில் வருவார்கள். வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பட்டப்பகலில்.

அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பது எனக்கு முதல் மழைக்காலத்திலேயே தெரியும். மோசஸ் காய்ச்சலில் படுத்திருந்தான். ரொட்டி கொடுக்கப் போன நான், செல்லத்துரை கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாக ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு ஊட்டியதைப் பார்த்தேன். சிநேகிதனுக்குக் கஞ்சி கொடுக்கிறவன் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "குடிச்சுட்டுத் தூங்குடா" என்று போய்விடுவான். என் புருஷன் எனக்கே அப்படித்தான் வைத்தார். நான் ரொட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வரும்போது கதவையும் நானே சாத்தினேன்.

இதில் எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நான் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் வேலை செய்தவள். பெரிய தொரை மலை ஏறி இறங்கி அட்டைக்கடியோடு வந்தால், வாசலில் மூன்று வேலைக்காரர் நிற்க, அவருக்கு உதவியாக இருந்த சின்னத் தொரை முழங்காலில் உட்கார்ந்து அவருடைய பூட்ஸைக் கழற்றுவார். கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரை எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவர்கள் தொரைகள். தொரை செய்தால் அது பழக்கம். ஃபிட்டர் செய்தால் அது அசிங்கம்.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது வெள்ளைக்காரனிடமிருந்து தொற்றிய வியாதி என்று, ரொட்டி சுற்ற வாங்கிய பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். எழுத்து விடாமல் முழுசும் படித்தேன். மோசஸ் தாம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. செல்லத்துரை கன்னியாகுமரிக் கடலில் காலை நனைத்ததோடு சரி. எந்தக் கப்பலில் வந்து இவர்களைத் தொற்றியது என்று அந்தப் பெரியவர் எழுதவில்லை. அந்தத் தாளில் ரொட்டி நன்றாகச் சுற்றிக்கொண்டது.

மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துப் பெரிய தலைவரும் கூட நின்றவர்களும் செத்துப்போன செய்தி உங்களுக்கும் ரேடியோவில் வந்திருக்கும். இங்கே அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன். மறுநாள் என் ரொட்டியை வாங்க ஆள் வரவில்லை. அங்கே நான் இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. எந்த ஊரில் குண்டு வெடித்தாலும் எனக்கு அதில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. இந்திய அரசாங்கம் கொடுத்த காகிதத்தை நான் எடுத்துக் காட்டினால், இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.

அடுத்த பங்கு சாத்திய கதவுக்குப் போனது. பவுனம்மாள் தினம் ஒரு சேதி கொண்டுவந்தாள். உள்ளே டக்டக்கென்று சத்தம் கேட்கிறதாம், குண்டு செய்கிறார்களாம். அது செல்லத்துரை மிளகு இடிக்கிற சத்தம். நான்தான் அந்த உரலைக் கொடுத்தேன். "நெசமாவா ஆயா? பட்டப்பகல்ல கதவ சாத்திகினு மொளகு இடிப்பாங்களா? நீயே சிலோன், நீ வக்காலத்து வாங்கினா நம்பிடுவாங்களா இன்னா" என்றாள். அவர்களுக்காக நான் பேசப் பேச, அவர்கள் இன்னும் மாட்டிக்கொள்வார்கள் என்று புரிந்துபோயிற்று. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கக் கூடாத ஒரே ஆளும் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோசஸ் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த நேரத்தில், வாடகை வீடுகளை விசாரிக்கிற ஏட்டு வந்தார். அறையைப் புரட்டினார். ஒரு பாய், இரண்டு தலையணை, ஒரு ஜெபமாலை, ஒரு முருகன் படம், என் உரல். ஏட்டு உரலை முகர்ந்து பார்த்துத் தும்மினார். பிறகு கேட்டார்: "ஊர் வேற, மதம் வேற. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல கதவ சாத்திகினு இன்னாய்யா பண்றீங்க? ஒருத்தனுக்கு ஒருத்தன் இன்னா வோணும்?"

மோசஸுக்குப் பொய் வராது. அவன் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் குண்டு வைத்தவன் என்ற பழி போகும்; அதைவிடப் பெரிய பழி வரும். கம்பெனிக்கும் தெரியும், இரண்டு பேர் வீட்டுக்கும் தெரியும். செல்லத்துரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஏட்டு, சரியான பதில் வராவிட்டால் லைனில் இருக்கிற எல்லாரும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும் என்றார். உடனே பவுனம்மாளுக்கு ஞானம் வந்தது. "அய்யோ சார், தங்கமான புள்ளைங்க. இத்தினி நாளா கீறாங்க, ஒரு பொம்பளய ஏறெடுத்துப் பாத்ததில்ல. நானே குளிச்சிட்டு வரும்போது எதிர்க்க வந்தா தலைய குனிஞ்சிகினு பூடுவாங்க" என்றாள். லைன் முழுக்க அதையே சொன்னது. வயசுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பக்கமே போகமாட்டார்கள் என்றது ஒரு வீடு. கண்ணை மூடிக்கொண்டு பெண்ணை விட்டுவிட்டுப் போகலாம் என்றது இன்னொரு வீடு. இதைவிட உண்மையான சாட்சியை எந்தக் கோர்ட்டும் கேட்டிருக்காது. சொன்னவர்களில் ஒருவருக்கும் தாங்கள் என்ன சொல்கிறோம் என்று தெரியாது. விசாரிக்காமல் வீடு விட்டதற்காக எங்கே தன்னைப் பிடிப்பார்களோ என்று, வீட்டுக்காரர் மளிகைக்கடை அண்ணாச்சியும் ஓடிவந்து, தன் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி என்று பொறுப்பு ஏற்றுக்கொண்டார்.

ஏட்டு போகும்போது ஒரு யோசனையும் விட்டுவிட்டுப் போனார். "வயசுப் பசங்கள இப்டி வுட்டு வெக்காதீங்க. காலாகாலத்துல ஒரு கல்யாணத்த பண்ணுங்க. குடும்பஸ்தன எவன் சந்தேகப்படப் போறான்."

அரசாங்கமே தங்கத்தை விமானத்தில் ஏற்றி அயல்நாட்டில் அடகு வைத்த வருஷம் இது. இந்த நேரத்தில் அண்ணாச்சிக்குத் தன் தங்கை மகள் கனிக்குச் சிக்கனமான மாப்பிள்ளை தேவைப்பட்டான். கனிக்குப் பத்தொன்பது வயது. மாமன் கடையில் எடை போடுவாள், போடும்போதே எதையாவது பாடிக்கொண்டிருப்பாள். பருப்பு எடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாட்டுக்காக ஜனங்கள் கேட்க மாட்டார்கள். அண்ணாச்சி ஒருநாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஆச்சி, செல்லத்துரை நம்ம பக்கத்துப் பய. விசாரிச்சா நம்ம ஆளுவதான். குடி கெடயாது, பொம்பளச் சகவாசம் கெடயாது. இப்படி ஒருத்தன இந்தக் காலத்துல எங்க போயித் தேட?"

"தேடினாலும் கெடைக்க மாட்டான் அண்ணாச்சி" என்றேன். அவர் ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

அன்றைக்கு ரொட்டி கருகியது. எனக்குத் தொரைசாணி ஞாபகம் வந்துவிட்டது. சின்னத் தொரையைப் பற்றி வெள்ளைக்காரர்கள் கிளப்பில் யாரோ பேசிவிட்டார்கள் என்று அவசரமாகச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்து அவருக்குக் கட்டிவைத்த பெண். வந்த புதிதில் பியானோ வாசிப்பாள். ஒரு வருஷத்தில் பியானோவின் மேல் துணி போர்த்திவிட்டார்கள். அதன் பிறகு வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. நான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுவேன். ஒருநாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, தன்னிடம் என்ன குறை என்று அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டாள். நான் தலைமுடியைப் பற்றிக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்ட மாதிரி, "நல்ல முடி தொரைசாணி" என்றேன். சின்னத் தொரை கெட்டவர் இல்லை, பெரிய தொரையும் இல்லை. மூன்று பேருமே கெட்டவர்கள் இல்லை. மூன்று பேரும் ஒரு பங்களாவில் உயிரோடு புதைந்தார்கள், கிளப்பின் மரியாதை காப்பாற்றப்பட்டது.

பக்கத்து அறைக்குப் போனேன். மோசஸ் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தான். செல்லத்துரையின் ஒரு சட்டையை மடித்தான், உதறினான், மறுபடி மடித்தான். செல்லத்துரைதான் பேசினான்.

"அண்ணாச்சி நமக்காவ ஏட்டுட்ட நின்னாருலா ஆச்சி. எப்படி மாட்டேங்க? கட்டிக்கிட்டா எல்லாம் சரியாப் போவும்."

"உனக்குச் சரியாப் போகும். அந்தப் புள்ளைக்கு?"

மோசஸ் கையில் சட்டை மறுபடி மடிந்தது. நான் என் யோசனையைச் சொன்னேன். செல்லத்துரையை என் உறவுக்காரன் ஆக்கிக்கொள்ளப் போகிறேன். அவனுடைய செத்துப்போன ஆச்சி, அதாவது பாட்டி, எனக்கு ஒன்றுவிட்ட அக்கா, தோட்டத்தில் பிறந்தவள்.

"எங்க ஆச்சிய எதுக்கு இழுக்கீய? அவ தாமிரவருணியவே தாண்டினதில்ல."

"இருக்கும்போது தாண்டல. இப்ப ஒரு தடவ கப்பல்ல போயிட்டு வரட்டும்."

மோசஸ் சிரித்துவிட்டான். மே மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டையைக் கீழே வைத்தான்.

மறுநாள் அண்ணாச்சியிடம் உறவைச் சொன்னேன். அவர் அசரவில்லை. தன் மாமாவே கொழும்பில் கடை வைத்திருந்தவர், சிலோன் உறவு தங்களுக்கும் உண்டு என்றார். குண்டு, ஏட்டு, சந்தேகம் எதுவும் அவரை அசைக்கவில்லை. அப்போது நான், "கடை இல்ல அண்ணாச்சி, தோட்டம். லயத்துல பொறந்தவ. அவ அப்பன் யாருன்னே எங்களுக்குள்ள இன்னும் தீரல. ஆளுக்கு ஒரு சாதி சொல்லுவாங்க" என்றேன்.

குண்டுக்கு வெளிறாத முகம் அதற்கு வெளிறியது. குடும்பத்தில் கொலைகாரன் இருந்தால் சமாளித்துக்கொள்வார்கள். சாதி தெரியாத ஆச்சி இருந்தால் ஏழு தலைமுறைக்குத் தீட்டு. லயத்து ஜனங்களைப் பற்றி இவர்கள் மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதை எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பேச்சைக் கேட்டால் நான் சண்டைக்குப் போவேனோ, அதை என் வாயாலேயே சொன்னேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் மானத்தைக் கொடுத்துத்தான் மூன்று பேரை மீட்டேன்.

கல்யாணப் பேச்சு அன்றைக்கே நின்றது. ஏட்டிடம் பொறுப்பு ஏற்றவர் என்பதால் அண்ணாச்சி வெளியில் மூச்சு விடவில்லை. ஒரு வாரம் கழித்து, கூரை ஒழுகுகிறது, மாற்ற வேண்டும், நாங்கள் மூன்று பேரும் காலி செய்தால் நல்லது என்றார். கான்கிரீட் கூரை. மற்ற வீடுகளில் ஒழுகவில்லை. கனி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது போல. நல்ல சம்பந்தத்தைக் கெடுத்த கிழவி என்று என் காது படவே சொல்லிவிட்டு அவள் புளியைத் தராசில் போட்ட வேகத்தில் தட்டு கவிழ்ந்தது. நான் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். ரோட்டைத் தாண்டுவதற்குள் அவள் கடைக்குள் பாட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது போதும்.

மோசஸோடு வேலை செய்கிற ஒருவர் சொல்லிவைத்திருந்த வீடு வாலாஜாபாத்தில். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். வீட்டுக்கார அம்மாள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை அளந்தாள்.

"மூணு பேரும் இன்னா ஒறவு?"

"ஒரே குடும்பம்" என்றேன்.

"எந்த ஊரு?"

இந்தக் கேள்விக்கு நான் தலை நிமிர்ந்து கண்டி என்று சொல்லாத நாள் கிடையாது, ஏட்டு முன்னாலும் அப்படித்தான். அன்றைக்கு இந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு ஏட்டு, இன்னொரு பவுனம்மாள் வேண்டாம் என்று, "திருநெல்வேலி" என்றேன்.

அதே நொடியில் செல்லத்துரை, எங்கே நான் கண்டி என்று சொல்லித் தனியாக மாட்டிக்கொள்வேனோ என்று, "கண்டி" என்றான். மோசஸ் வழக்கம்போல உண்மையைச் சொன்னான். "மணிமங்கலம்."

அந்த அம்மாள் எங்களை வரிசையாக ஒரு முறையும், கடைசியிலிருந்து திரும்ப ஒரு முறையும் பார்த்தாள். "இதுல எது நெசம்?"

"எல்லாம் நெசந்தான்கா" என்றான் மோசஸ்.

அவள் உள்ளே போனாள். சாவி எடுக்கப் போனாளா, புருஷனைக் கூப்பிடப் போனாளா என்று தெரியவில்லை. வண்டிக்காரர் சாமானை இறக்கலாமா என்று கேட்டார். ஒருவர் ஊரை ஒருவர் சொல்லிவிட்டு, வெயிலில், படிக்கு வெளியே நின்றோம். செல்லத்துரை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்: "ஆச்சி, கேட்டா சொல்லணும்லா. கண்டில மழை எந்த மாசம்?"