கிணற்றின் மேல் போட்ட பழி

மோட்டார் கம்பெனியில் அவளை எல்லோரும் ஹலோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த மேனேஜரும் அப்படித்தான். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை வாங்கிப் போனவர்கள் ஏதாவது கோளாறு என்று போனில் பாய்ந்தால், பதமாகப் பேசி அவர்களை அமர்த்துவது அவள் வேலை. எதிர்முனையில் எவ்வளவு கத்தினாலும் இவள் குரல் ஏறாது. அந்தக் குரலுக்குத்தான் சம்பளம். மனதுக்குள் திட்டுவதை அவள் இலவசமாகவே செய்து வந்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்த அன்று, குழந்தைக்குக் கருவி வைத்துத் தாய்ப்பால் எடுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாள். மேனேஜர் பெரிய மனது பண்ணி ஓர் அறையை ஒதுக்கினார். கோளாறு என்று திரும்பி வந்த மோட்டார்களைப் போட்டு வைக்கும் அறை. ஒவ்வொரு மோட்டாரிலும் ஓர் அட்டை தொங்கும்: மேலே வாங்கியவர் சொன்ன புகார், கீழே மெக்கானிக் பிரித்துப் பார்த்துக் கண்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருப்பதிலேயே கனமான மோட்டாரைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து பால் எடுப்பாள். பாதியில் மேனேஜர் கதவைத் தட்டி, முடிந்ததா, போன் அடிக்கிறது என்பார். இந்த அறையைக் கொடுத்த கதையை அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. கேட்பவர்கள் அவரே பிள்ளை பெற்றுப் பாலூட்டினார் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியும் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் பாட்டிலில் பால் குறைய ஆரம்பித்தது. நிறைய வந்தது பாதியாகி, பாதி போய் அடியை மட்டும் நனைத்தது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் நாத்தனார், கணவனின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. சுத்தம் என்றால் சுத்தம், அப்படி ஒரு சுத்தம். சாயங்காலம் ஹலோ அக்கா வந்து பையை இறக்கியதும் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உச்சுக் கொட்டுவாள். அப்புறம் பால் எடுக்கும் கருவியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போய், கட்டைப் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அந்தச் சுத்தத்தைப் பற்றித் தெருவுக்கே தெரியும். அவளே சொல்லியிருந்தாள்.

“உனக்குப் பால் வத்திப் போச்சும்மா. எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி ஆனதில்ல” என்றாள் ஒருநாள். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். நாத்தனார் ஒரு டப்பா நிறைய வெந்தயம் கொண்டுவந்து வைத்து, தினமும் ஊறவைத்துத் தின்னச் சொன்னாள். கணவன் போனில் தேடிப் பார்த்து, நீ கவலைப்படாமல் இருந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டு, தான் கவலைப்படாமல் குறட்டை விட்டான். இருபது வருடமாக மோட்டாரோடு குடித்தனம் நடத்தும் மேனேஜர், எல்லாம் டென்ஷன்தான் என்று அளந்துவிட்டார். அந்த டென்ஷன் எந்தக் கதவைத் தட்டி வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

ராத்திரியில் நேராக மார்பில் குடிக்கும்போது குழந்தை வயிறு நிறைந்து ஏப்பம் விட்டுத் தூங்கியது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆபீஸில் பால் எடுத்து முடித்த பிறகும் அவளுக்கு மார்பு கனத்துக் கிடந்தது. அதை அவளே கணக்கில் எடுக்கவில்லை. நாலு பேர் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னால் புத்தி எங்கே வேலை செய்யும்? டப்பாப் பால் ஒன்றும் விஷமில்லை என்று அவளுக்குத் தெரியும், அதில் வளர்ந்தவள்தான் அவளும். ஆனால் தன் பாலையே கொடுக்க வேண்டும் அவளுக்கு. வேலையும் வேண்டும். அந்த இரண்டும் தன்னிடமிருந்து ஒரே நேரத்தில் போகப் பார்க்கின்றன என்று நினைத்தபோது, மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஏனென்றால் நாத்தனாரும் அவள் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் குழந்தையோடு இருந்தால் பால் தானாகத் திரும்பும், திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிடு என்றான் கணவன். சரி என்று தலையாட்டியும் விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் போன் செய்தார். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, கிணறு வற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், வேறு கிணறு வெட்ட ஆள்கூடப் பேசிவிட்டேன் என்று புலம்பினார்.

“வாளி விட்டு இறைச்சா தண்ணி வருதாங்க ஐயா?”

“வாளிக்கு நல்லா வருதும்மா.”

“அப்புறம் ஏன் கிணத்து மேல பழி போடுறீங்க? குழாய்க்கு அடியில இருக்கிற வால்வைக் கழட்டிப் பாருங்க. வாஷர் கிழிஞ்சிருந்தா மோட்டார் சும்மா ஓடும், உறிஞ்…”

அந்தச் சொல்லை அவள் முடிக்கவில்லை. பெரியவர் எதிர்முனையில் ஹலோ ஹலோ என்றார்.

போனை வைத்துவிட்டு அறைக்கு ஓடினாள். கருவியைப் பிரித்தாள். பாட்டிலுக்கு மேலே, நகத்தளவு இருக்கும் மெத்தென்ற ரப்பர் வால்வு. மூடித் திறக்க வேண்டிய அதன் வாய், காதுவரை கிழிந்து தொங்கியது. கருவி காற்றைத்தான் இத்தனை நாளும் இழுத்துக்கொண்டிருந்தது. தினமும் ஊருக்கெல்லாம் வால்வைப் பார் என்று சொல்கிறவள், தன் மடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. தன்னைத்தானே முதலில் திட்டினாள், அதுவும் நல்ல வார்த்தையால் இல்லை. மற்றவர்களைத் திட்ட நிறைய நேரம் இருந்தது.

சாயங்காலம் நாத்தனாரிடம் வால்வை நீட்டி, “அண்ணி, இதையும் பிரஷ் போட்டுத்தான் கழுவுவீங்களா?” என்று கேட்டாள்.

“பின்ன? அதைத்தான் நல்லா உள்ளவிட்டுக் குடைவேன். அழுக்கு அங்கதானே தங்கும்?” என்றாள் நாத்தனார். குரலில் அத்தனை பெருமை.

கருவி வந்த பெட்டியிலேயே மாற்று வால்வு இருந்தது, பிரிக்காத உறையோடு. திங்கட்கிழமை ராஜினாமாவுக்குப் பதிலாக அதைத்தான் அவள் ஆபீஸுக்குக் கொண்டுபோனாள். சரியாகக் காலியாகாத மார்பு, இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று தானாகவே சுரப்பைக் குறைத்திருந்தது. அதனால் பால் ஒரே நாளில் பொங்கிவிடவில்லை. இன்னும் கொஞ்சம் அடிக்கடி எடுத்தாள். மேனேஜர் கதவைத் தட்டினால் பதில் சொல்வதை நிறுத்தினாள். மெல்ல மெல்லப் பாட்டில் பழையபடி நிறைந்தது.

நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள், எல்லாம் தான் கொடுத்த வெந்தயத்தால் என்று.

அது காதில் விழுந்த அன்றைக்கு ஹலோ அக்கா ஆபீஸிலிருந்து ஓர் அட்டை எடுத்து வந்தாள். கிழிந்த வால்வை அதில் கட்டி, வெந்தய டப்பாவின் கழுத்தில் மாட்டினாள். புகார்: தாய்க்குப் பால் இல்லை. கண்டது: வால்வு கிழிசல். காரணம்: அளவுக்கு மீறிய சுத்தம்.

மறுநாள் நாத்தனார் அதைப் படித்தாள். டப்பாவைத் துடைத்தபோது அட்டையையும் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினாள். கணவனுக்குத்தான் பொறுக்கவில்லை. இதை எப்போது கழற்றுவாய் என்று கேட்டான்.

“பாப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கட்டும். அவ படிச்சதும் கழட்டிடறேன்” என்றாள், போனில் பேசும் அதே குரலில்.