மேல் தட்டில் இருந்த சிவப்புப் பெட்டி

என் அக்காள் கணவருக்குக் கடையில் வாயில் வராத ஒரே சொல் 'இல்லை'. வீட்டில் அதைத் தாராளமாகவே சொல்வார், அக்காவைக் கேட்டால் தெரியும். கடையில் முப்பத்தொரு வருடம் சூட்கேஸ் விற்றார். வந்தவர் கேட்ட நிறம் தீர்ந்துபோயிருந்தாலும், "ஒரு நிமிஷம் இருங்க, உள்ள பாத்துட்டு வரேன்" என்று போவார். உள்ளே ஒன்றும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், அதே கடைக்குச் சரக்கு வேன் ஓட்டிய எனக்கும் தெரியும். ஆனாலும் போய்ப் பார்ப்பார். திரும்பி வரும்போது கையில் வேறு ஏதாவது ஒரு பெட்டி இருக்கும். வந்தவர் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்.

எங்கள் கடை ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். நாற்பத்தொரு ஊர்களில் நாற்பத்தொரு கட்டடங்கள். குண்டூசியிலிருந்து கட்டில்வரை ஒரே இடத்தில். "கடை வாசல்ல நிக்கிறேன்" என்றால் போதும், எந்தக் கடை என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு ஜனங்கள் எங்கள் மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, அங்கேயே போனை எடுத்து வேறு எங்கோ வாங்க ஆரம்பித்தார்கள். தலைமை அலுவலகத்தில் இருந்த மேதாவிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து, பெயர்ப்பலகையின் நிறத்தை மாற்றினார்கள். ஒரு முறை இரண்டு முறை அல்ல, நான்கு முறை. அப்புறம் மூன்றாம் மாடியைத் துணி கட்டி மறைத்தார்கள். நகரும் படிக்கட்டில் 'பழுது' என்று ஒரு அட்டையை மாட்டி இரண்டு வருடம் அப்படியே விட்டார்கள். அந்த அட்டையைத் தொங்கவிட்டவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஊர் ஊராக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் கிளை ஒன்றுதான் மிஞ்சியது.

அதையும் மூடுகிறோம், எல்லாம் பாதி விலை என்று அறிவித்தார்களே, அன்றைக்குத் திரண்டது பாருங்கள் கூட்டம். பத்து வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் காலை ஒன்பது மணிக்குக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானுக்கோ தலைகால் புரியவில்லை. பத்து வருடமாகத் தூசி தட்டிக்கொண்டிருந்த மனிதர், ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, "பாருங்க, எழுபத்தெட்டு கிலோ நிக்கிறேன், பள்ளம் விழுதா?" என்று காட்டுவதும், இறங்கி இன்னொருவருக்குச் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டுவதுமாகப் பறந்தார். வாங்கினவர்கள் அந்தப் பெட்டியையே உருட்டிக்கொண்டு மற்றப் பிரிவுகளுக்குப் போய், திரைச்சீலையும் தலையணையுமாகத் திணித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். ஊழியர்கள் சாமான் வைக்கும் இரும்பு அலமாரிகளை முதல் நாளே விற்றுவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எங்கே வைப்பது, கைப்பையை எங்கே வைப்பது? எல்லோரும் அத்தானிடம் வந்தார்கள். சென்ட் பிரிவு அக்காவின் பை பச்சைப் பெட்டிக்குள், காவலாளியின் சாப்பாடு கறுப்புப் பெட்டிக்குள் என்று அவரும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டாம் நாளே கறுப்புப் பெட்டியைச் சாப்பாட்டோடு விற்றார். வாங்கின அம்மாள் மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்து, "குழம்புல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடையே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசி நாளன்றுதான் என் அக்கா மகள், எங்கள் பாப்பா, வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள். நர்ஸ் வேலை. எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறப்போகிற முதல் ஆள் அவள்தான். அன்றைய விமானத்தில் கிளம்பாவிட்டால் அந்த வேலை அடுத்தவளுக்கு என்று கறாராக எழுதியிருந்தார்கள். மாலை ஏழு மணிக்கு விமானம். அவளுக்கென்று அத்தான் ஒரு சிவப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து மேல் தட்டில் வைத்திருந்தார். காலையில் அவளுடைய பாஸ்போர்ட்டும் வேலைக் கடிதமும் இருந்த கோப்பைக் கையோடு எடுத்து வந்து, அலுவலக அறையில் நகல் எடுத்தார். பிறகு கோப்பை அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் வைத்து, மகளின் பிறந்த தேதியை எண்ணாகப் போட்டுப் பூட்டி, மறுபடி மேல் தட்டில் ஏற்றினார். பத்திரமாம்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். பின்கட்டில் வேனில் மேசைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"டேய் மச்சான், வித்துட்டேன்டா."

"எத?"

"பாப்பாவோட பெட்டிய."

அவர் திக்கித் திணறிச் சொன்னதிலிருந்து விளங்கியது இதுதான். மிச்சமிருந்த ஒரே சிவப்புப் பெட்டியை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒருத்திக்கு அது போய்விட்டது. இன்னொருத்தி, "எனக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். இவருக்குத்தான் அந்தச் சொல் ஆகாதே. "ஒரு நிமிஷம் இருங்க" என்று கை தானாக மேல் தட்டுக்குப் போயிருக்கிறது. அரை மணி கழித்து அக்கா போன் செய்து, "பாஸ்போர்ட்ட எடுத்தாச்சா?" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"யாரு வாங்கினது? மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"இன்னிக்கு இருநூறு பேருக்கு மேல வித்திருக்கேன்டா. எல்லார் மூஞ்சியும் ஒரே மூஞ்சியா இருக்கு."

மைக்கில் சொல்லலாம் என்று ஓடினோம். மைக்கை ஒலிபெருக்கிகளோடு சேர்த்துக் காலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் வாங்கிப்போயிருந்தார். வாசலில் காவலாளியை நிறுத்தி, சிவப்புப் பெட்டி எதையும் வெளியே விடாதே என்றோம். "வெளிய போனது போயிருச்சே, அதுக்கு என்ன செய்ய?" என்று அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. உள்ளே பார்த்தால் எங்கு திரும்பினாலும் பெட்டி. அதில் சிவப்பு மட்டும் நாற்பதுக்குக் குறையாது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று கத்தினால் எவன் எடுத்து வைத்துக்கொள்வானோ என்று எனக்குப் பயம். ஒவ்வொருவரிடமும் போய்ப் பெட்டியைத் திற என்றால் அடி விழும்.

அத்தான் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று அந்த ஓடாத படிக்கட்டில் பாதி ஏறி, திரும்பி நின்று, தொண்டையைத் திறந்தார்.

"பெட்டி வாங்கினவங்க கொஞ்சம் கவனிங்க. பூட்டு நம்பர மாத்தித் தரோம். உங்களுக்குப் பிடிச்ச நம்பர். இலவசம். சிவப்புப் பெட்டிக்காரங்க மொதல்ல வாங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம் பொறி தட்டியது. கடைப் பெட்டிகள் எல்லாம் மூன்று பூஜ்யத்தில் திறக்கும். எது திறக்கவில்லையோ அதுதான் பாப்பாவின் பெட்டி. அந்த மனிதருக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இலவசம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மைக் தேவையில்லை. இரண்டே நிமிடத்தில் படிக்கட்டிலிருந்து செருப்புப் பிரிவுவரை வரிசை நின்றது. அத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பெட்டிகளைத் தள்ளிவிட்டேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், டக். திறந்தது. உள்ளே எட்டுக் குடை. அடுத்தது. டக். உள்ளே பொம்மையின் கை ஒன்று, எதற்கு வாங்கினார்களோ. அடுத்தது. டக். ஒவ்வொரு 'டக்'குக்கும் நான் மணியைப் பார்த்தேன். அத்தான் மட்டும் விடாமல், "என்ன நம்பர் போடணும்மா? கல்யாண நாளா? மறந்துர மாட்டீங்களே?" என்று சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். கழுத்தில் வியர்வை ஊற்றியது. முப்பத்தாறு பெட்டி பார்த்தோம். எல்லாம் திறந்தன. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம். உயரமான ஒரு பெண், காவலாளியைத் தள்ளிக்கொண்டு, சிவப்புப் பெட்டி ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

"என்னங்க பெட்டி குடுத்திருக்கீங்க? பஸ் ஸ்டாப்புல வச்சு அரை மணி நேரமா திருகுறேன், விரலே போச்சு. தொறக்க மாட்டேங்குது. மாத்திக் குடுங்க, இல்லன்னா காச திருப்பிக் குடுங்க."

அத்தான் எழவே இல்லை. முழங்காலாலேயே நகர்ந்து வந்து அந்தப் பெட்டியைப் பிடித்தார். எண்ணைத் திருப்பினார். திறந்தது. உள்ளே கோப்பு, வைத்தது வைத்தபடி. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எதற்கென்றே தெரியாமல் கைதட்டினார்கள். சென்ட் பிரிவு அக்கா அழுதேவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் கோபம் போன இடம் தெரியவில்லை. "உங்க பொண்ணுக்குன்னு எடுத்து வச்சதா? அப்ப நீங்களே வச்சுக்கோங்கண்ணா" என்றாள்.

அத்தான் கோப்பை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்து, மூன்று பூஜ்யத்துக்கு மாற்றி, அவள் பக்கம் உருட்டிவிட்டார். "பில் போட்டாச்சும்மா. போட்டா அது உங்களுது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இடிந்து விழப்போகிற கடையில் இவர் ஒருத்தர் சட்டம் பேசுகிறார். திரும்பிப் பார்த்தால், இலவச நம்பருக்காக மிச்சத்தையும் ஜனங்கள் வாங்கிவிட்டிருந்தார்கள், அவர் பிரிவில் ஒரு பெட்டிகூட இல்லை. தட்டு தட்டாகச் சுத்தம். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பில் ஒரு பெருமை இருந்தது, அதற்கு மேல் என்னால் திட்டவும் முடியவில்லை. பின்கட்டிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வேனில் போட்டோம். நாலு பக்கமும் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

வீட்டில் பாப்பா தன் துணிமணிகளை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்பா, ஊருக்கெல்லாம் சூட்கேஸ் வித்துட்டு எனக்கு இதா?"

"இது தாங்கும்மா. நான் கட்டுறேன் பாரு" என்றார். பத்தே நிமிடத்தில் மூன்று சுற்று டேப் ஒட்டி, குறுக்கும் நெடுக்கும் பட்டை போட்டு, கைப்பிடியும் வைத்துக் கட்டினார். அக்கா அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கியதால் சாமான் எடை போடும் இடம்வரை எங்களை விட்டார்கள். அங்கே இருந்த பெண் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல எங்கம்மாகூட போயிருக்கேன். இந்தக் கடை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் இருக்கும்மா" என்றார் அத்தான். "என் செக்‌ஷன் மட்டும் மூணு மணிக்கே காலி." சொல்லும்போது மார்பு நிமிர்ந்தது.

நகரும் பட்டையில் ஏறி அந்த அட்டைப்பெட்டி உள்ளே போனது. பாப்பாவும் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை மறையும்வரை அத்தான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும் வழியில் அக்கா வேனிலேயே தூங்கிவிட்டாள். அத்தான் வெகுநேரம் பேசிக்கொண்டே வந்தார். எத்தனை பெட்டி விற்றார், எந்த அம்மாள் எப்படி இழுத்தாள், எல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார். பாலம் ஏறும்போது பேச்சு நின்றது.

"டேய் மச்சான், நாளைக்கு நான் எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"

வேனும் கடையுடையது, காலையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாலம் இறங்கினதும் கியரை மாற்றினேன்.

"எட்டு மணிக்கு எந்திரிங்க அத்தான். குளிச்சுட்டு ரெடியா இருங்க, நான் வரேன்."

"எங்க போறோம்?"

"அத அப்ப பாத்துக்கலாம்" என்றேன்.

"சரி" என்றார். சட்டைப்பையில் குத்தியிருந்த, கடைப் பெயர் போட்ட அடையாளச் சீட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழரைக்கே எந்திரிச்சிர்றேன்" என்றார்.