முடிவு தெரியாத கிணறுகள்

கிணற்றுத் தண்ணீரை ஆராய்கிற வேலையில் தண்ணீரைச் சமாளிப்பது சுகம். கிணற்றுக்காரரைச் சமாளிப்பதுதான் பாடு. அரச காசில் ஆராய்ச்சி செய்து பாதி வழியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சகோதரங்களே, உங்களுக்கு இது புதிதல்ல. தோட்டங்களுக்குப் போடும் யூரியா வலிகாமத்துக் கிணறுகளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ‘செலவுக் குறைப்பு’ வந்தது.

ஐஸ் பெட்டி

முதலில் வாகனத்தை நிறுத்தினார்கள். சண்டிலிப்பாயில் எடுத்த தண்ணீர்ப் போத்தல்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி மினிபஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் மீன்பெட்டி என்று நினைத்து முகத்தைச் சுளித்தார்.

“மீனில்லை அண்ணை, கிணத்துத் தண்ணி. பரிசோதனைக்குக் கொண்டு போறன்.”

நம்பவில்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: “தண்ணியை ஐஸிலை வைச்சுக் கொண்டு திரியிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன், தங்கச்சி!”

சுத்தமான ஆய்வுகூடம்

அடுத்து, தண்ணீரைச் சோதிக்கும் மெஷினுக்கு ஊற்றும் இரசாயனம் முடிந்தது, வாங்கக் காசில்லை. போத்தல்கள் குளிர்ப்பெட்டியில் தூங்கின. உதவியாளர் ரூபன் மட்டும் தினமும் மெஷினைத் துடைத்து வைப்பான். கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சுத்தமான ஆய்வுகூடத்தை நான் கண்டதில்லை” என்று வியந்தார்.

ரூபன் பணிவாகச் சொன்னான்: “ஓம் சேர், பாவிச்சால்தானே ஊத்தையாகும்.”

சாந்தியக்காவின் தேத்தண்ணீர்

சிரிக்க முடியாத கேள்வி சாந்தியக்காவிடமிருந்து வந்தது. அவவின் கிணற்றிலும் தண்ணீர் எடுத்திருந்தோம், வெங்காயத் தோட்டத்துக்கு நடுவே வீடு. மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

“பிள்ளை, எங்கடை தண்ணியிலை பால்மா கரைக்கலாமோ? கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம்.”

“கொதிக்க வைச்சாலும் யூரியாவாலை வாற உப்பு போகாது அக்கா, கைக்குழந்தைக்கு அது கூடாது. பரிசோதனை முடிவு வருமட்டும் குழந்தைக்குக் கடைத் தண்ணி வாங்குங்கோ.”

“முடிவு எப்ப வரும்?”

அன்றிலிருந்து அவவின் மனுசன் மானிப்பாய்க் கடையிலிருந்து சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி வந்தார்.

சில மாதங்களில் என் வேலையும் போயிற்று. அதைச் சொல்லவென்றே சாந்தியக்காவிடம் போனேன். கோபிப்பா என்று பயந்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவ உள்ளே போய்த் தேத்தண்ணீரோடு வந்தா. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தண்ணீர் என்று கேட்கலாமா என யோசித்தேன். அவவுக்கு விளங்கிவிட்டது.

“கிணத்துத் தண்ணிதான் பிள்ளை. நீங்கள் குடிச்சாலாவது முடிவு தெரியட்டும்.”

ஆராய்ச்சியை நிறுத்த மேலே ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. ஊரின் தாகத்தை நிறுத்தத்தான் எந்தக் கையெழுத்தாலும் முடியவில்லை.